எரிஞ்ச மாருதி 800: சரி பண்றதா, கண்டம் பண்றதா (ஓட்டாம இரும்புக்குப் போட்டுர்றதா)?

தீப்புடிச்ச வண்டியப் பாக்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது ஒண்ணுதான், "சரி பண்ண எவ்வளவு ஆகும்?" சித்தப்பாவோட மாருதி 800 எரிஞ்சதுலேர்ந்து எங்க வீட்டுலயும் இதே பேச்சு. சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, போன்ல விசாரிக்கிறவங்க எல்லாருமே இதத்தான் கேட்டாங்க. என்னையக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. மொதல்ல தெரிஞ்சாக வேண்டியது சூடு எது வரைக்கும் போயிருக்குங்கறது. அது தெரியாம எந்தப் பட்டறைல எஸ்டிமேட் வாங்கினாலும் அந்தத் தாள நம்பி ஒரு ரூபா செலவழிக்கக் கூடாது.

வண்டி 1996 மாடல், டிஎன் 59, வெள்ளக் கலர், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற சாமான்) வண்டி. சித்தப்பா திருமங்கலம், மில்லுல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, அவருதான் மொத ஓனர், இது வரைக்கும் வேற யாரு பேருக்கும் மாறல. அந்தக் காலத்துல அந்தத் தெருவுல கார் வச்சிருந்த வீடு அது ஒண்ணுதான், பிரசவத்துக்கு ராத்திரில பெரியாஸ்பத்திரிக்கு ஓடினதுலேர்ந்து அழகர்கோயிலுக்கு கெடா வெட்டப் போனது வரைக்கும் தெருவுல பாதிப் பேரு அந்த வண்டில ஏறினவங்கதான்.

செக்கானூரணி பக்கம் ஒரு விசேசத்துக்குப் போயிட்டு சித்தப்பாவும் சித்தியும் திரும்பி வர்றாங்க, நல்ல வெயில், பெட்ரோல் வாடை வருதேன்னு சித்தி சொல்லி முடிக்கிறதுக்குள்ள பானட் ஓரத்துல பொக வந்துருச்சு. சித்தப்பா உடனே ஓரங்கட்டி சாவிய அணைச்சு ரெண்டு பேரும் எறங்கிட்டாங்க, அது ஒண்ணுதான் எனக்குப் பெருசு, மத்ததெல்லாம் தகரம். டீக்கடைல இருந்த பயலுக ஓடி வந்து மண்ண அள்ளிப் போட்டிருக்காங்க. ஒரு விவரமான ஆளு பானட்ட முழுசாத் தொறக்க விடல, லேசா லிவர மட்டும் இழுத்து அந்த இடுக்குல மண்ணப் போட வச்சிருக்காரு. தொறந்திருந்தா காத்துப் புகுந்து இன்னும் எரிஞ்சிருக்கும். பெட்ரோல் தீக்கு தண்ணிய ஊத்துனா பெட்ரோல் தண்ணி மேல மெதந்து தீய இழுத்துக்கிட்டே போகும், அதையும் அவரு தடுத்துட்டாரு. அப்புறம் ஃபயர் சர்வீஸ் வந்து முழுசா அணைச்சாங்க.

காரணம், பெட்ரோல் டியூப்பு. ஃப்யூயல் பம்புலேர்ந்து கார்புரேட்டருக்கு ஏறுற ரப்பர் ஹோஸ் கிளாம்ப் கடிச்ச எடத்துல வெடிப்பு விட்டு கசிஞ்சிருக்கு. இன்ஜின் சூடு, மேனிஃபோல்டு (பொக வெளிய போற குழாய்) சூடு, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குக்கு கரண்ட் பிரிச்சு அனுப்புறது) பொறி எல்லாம் அந்த ஒரு முழ எடத்துக்குள்ளதான் இருக்கு. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிலயே பத்துற அளவுக்கு ஆவி விடுற சாமான், நம்ம ஊரு சித்திரை வெயில்ல கேக்கவா வேணும். இ20 பெட்ரோல்தான், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான், ரப்பரத் தின்னுருச்சுன்னு ஒருத்தரு அடிச்சுச் சொன்னாரு. 20 சதவீத எத்தனாலுக்கு ஏத்த ரப்பர் சாமானோட வண்டிக பெரும்பாலும் 2023 ஏப்ரலுக்கு அப்புறந்தான் வர ஆரம்பிச்சுச்சு, பழைய வண்டில ரப்பர் பார்ட், கேஸ்கெட்டெல்லாம் சில பேருக்கு சீக்கிரமே மாத்த வேண்டி வரலாம்னு அரசாங்கமே சொல்லிருக்கு, அது உண்மைதான். ஆனா பம்பு பக்கம் எரியாம மிஞ்சின ஒரு வெரல் நீளத் துண்ட நான் கையில வச்சுப் பாத்தேன், வளச்சா ஒடியிற மாதிரி வெறச்சுக் கெடந்துச்சு, அது வருசக்கணக்கா சூட்டுல வெந்த ரப்பர். எத்தனால் மேல மட்டும் பழியப் போட எனக்கு மனசு ஒப்பல.

வண்டிய கட்டி இழுத்து பழங்காநத்தம் பக்கம் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பட்டறைக்குக் கொண்டு போனோம். மதுரைக்காரங்களுக்கு இதுல ஒரு கொடுப்பினை இருக்கு, டிவிஎஸ் இங்கயே பொறந்து வளந்த கம்பெனிங்கறதால அங்க தொழில் பழகி வெளிய வந்து தனியா பட்டறை போட்ட பெரியாளுக இன்னும் ஊருக்குள்ள இருக்காங்க, அந்தப் பட்டறை வச்சிருக்கிற அண்ணனும் அப்படி வந்தவருதான். அவரு பண்ணத கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், ஏன்னா எரிஞ்ச வண்டி வச்சிருக்கிற யாருக்கும் இதுதான் முக்கியம்.

வந்த உடனே கழுவப் போன பையன நிறுத்திட்டாரு. "கழுவாத தம்பி, கரிதான் எல்லாத்தையும் சொல்லும்"னாரு. கையில ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச், ஒரு வெள்ளத் துணி, அவ்வளவுதான். மொதல்ல பானட்டோட உள்பக்கம் பெயிண்டப் பாத்தாரு. ஓரத்துல பெயிண்டு பொக்களிச்சிருந்துச்சு, அது சும்மா சூடு பட்ட எடம். உள்ள வர வர கருகியிருந்துச்சு, அது தீ தொட்ட எடம். கார்புரேட்டருக்கு நேர் மேல பெயிண்டே இல்லாம வெள்ளச் சாம்பல் பூத்து, அதுக்குள்ள ஒரே ராத்திரில செவசெவன்னு துரு ஏறிருந்துச்சு. அது தீ நின்னு எரிஞ்ச எடம், அந்தத் தகட்டுல இனி பட்டி போட்டு பெயிண்டு அடிச்சாலும் நிக்காது, சூட்டுல இழுத்து அலை அலையா ஆயிருச்சு.

அடுத்து எது உருகிருக்கு எது உருகலன்னு பாத்தாரு. இது எனக்கு ரொம்பப் புடிச்ச வேல. பேட்டரி டெர்மினல் ஈயம், 327 டிகிரில உருகிரும். துத்தநாகம் கலந்த வார்ப்பு சாமானுக 400 பக்கத்துல இளகும். அலுமினியம் 660. தனியா ஒரு மீட்டரும் வேணாம், வண்டியே ஒவ்வொரு எடத்துலயும் எவ்வளவு சூடுன்னு எழுதி வச்சிருக்கு. டெர்மினல் அப்படியே இருந்துச்சு, அப்ப அந்த மூலைக்கு சூடு பெருசாப் போகல. கார்புரேட்டர் உருகிக் கீழ சொட்டி ஒரு கட்டியா இறுகிப் போயிருந்துச்சு. சிலிண்டர் ஹெட்டுக்கு ஒண்ணும் ஆகல. சித்தப்பா மொகத்துல கொஞ்சம் தெளிச்சி வந்துச்சு, இன்ஜின் பொழச்சிருச்சுன்னு.

அப்புறந்தான் அண்ணன் உள்ள போயி உக்காந்தாரு. இன்ஜின் ரூமுக்கும் நம்ம உக்கார்ற எடத்துக்கும் நடுவுல நிக்கிற தகடு இருக்கே, ஃபயர்வால், அதுல வயரிங் கிட்டு, அதாவது வண்டியோட மொத்த வயர்க் கட்டு, உள்ள வர்றதுக்கு ஒரு ஓட்டை, அதுக்கு ஒரு ரப்பர் புஷ். அந்த ரப்பர் எரிஞ்சு போயி அந்த ஓட்டை வழியா தீ உள்ள எட்டிப் பாத்திருக்கு. டேஷ்போர்டுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுக் காமிச்சாரு, வயரெல்லாம் தோலுரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கயிறா கெடந்துச்சு, டேஷ்போர்டு உள்பக்கம் தொங்கிப் போயிருந்துச்சு. கால்மிதியத் தூக்கினா கீழ இருந்த பஞ்சு பழுப்பாயிருந்துச்சு. ஃபியூஸ் பாக்ஸுக்குள்ள வெள்ளத் துணிய விட்டுத் தொடச்சு எடுத்தாரு, பிசுபிசுன்னு கரி. "இந்தக் கரிய சாதாரணமா நெனைக்காதீங்கய்யா, வயர் மேல இருக்கிற பிவிசி எரிஞ்சா வர்ற பொகைல ஆசிட் இருக்கு, ஈரம் பட்டுச்சுன்னா செம்ப அரிக்கும், இன்னிக்கு லைட் எரியும், ரெண்டு மாசம் கழிச்சு ஒவ்வொண்ணா நிக்கும்"னு சித்தப்பாகிட்ட சொன்னாரு. அவரு சொன்னது சரிதான், பிவிசி எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வரும், தண்ணியோட சேந்தா அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். இதோட தீயணைக்க பவுடர் அடிச்சிருந்தா அதுவும் ஈரத்துல தகட்டையும் கனெக்டரையும் அரிக்கும்.

கடசியா ஒரு வெள்ளத்தாளும் பென்சிலும் எடுத்தாரு. 800ல சேசிஸ் நம்பர் அந்த ஃபயர்வால் தகட்டுலதான் குத்திருக்கும். கரியத் துணியால மெதுவாத் தொடச்சு, தாள அது மேல வச்சு, பென்சிலப் படுக்க வச்சுத் தேச்சாரு. இன்சூரன்ஸுக்கும் எஃப்சிக்கும் எடுப்பாங்களே அதே பிரிண்ட்தான். மொத அஞ்சாறு எழுத்து பளிச்சுன்னு வந்துச்சு. கடசி பக்கம் தகடு நெளிஞ்சு துரு பூத்திருந்ததால பென்சில் வழுக்கி வெறும் சாம்பக் கலர்தான் வந்துச்சு. திரும்ப ஒரு தாள் எடுத்தாரு, அதுலயும் அதேதான். எல்லாரும் பேசாம நின்னோம். சித்தப்பாவுக்கும் புரிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறேன்.

என் முடிவு அங்கதான் வந்துச்சு, இப்பவும் அதத்தான் சொல்றேன். தீ ஃபயர்வாலுக்கு அந்தப் பக்கமே நின்னிருந்தா பழைய வண்டியத் தாராளமா சரி பண்ணலாம். அதத் தாண்டி உள்ள வந்துருச்சுன்னா விட்ரணும். தாண்டினதுக்கு அப்புறம் நீங்க மாத்துறது பார்ட் இல்ல, பாதி வண்டி. முழு வயரிங் கிட்டு, டேஷ்போர்டு, ஹீட்டர் பக்கத்து சாமான், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (அதுவும் அந்தத் தகட்டுலதான் நிக்குது, உள்ள இருக்கிறதெல்லாம் ரப்பர் வாஷர், வெந்த ரப்பர நம்பி பிரேக் மிதிக்க முடியாது), முன்பக்க பிரேக் ஹோஸ், முன் கண்ணாடி பீடிங். இது போக ஸ்பிரிங்கும் தகடும் சூட்டுல முறுக்கு எறங்கிருந்தா வெளில தெரியாது. இரும்பு 500, 600 டிகிரி பாத்துச்சுன்னா பாதி வலு போயிரும், ஆறினதுக்கு அப்புறம் பாக்க பழைய மாதிரியே இருக்கும், ஆனா கம்பெனில பதம் போட்டுக் குடுத்த ஸ்பிரிங்குக்கு அந்தப் பதம் திரும்பி வராது.

இதுக்கு நேர் எதிரா ஒரு கேஸும் எனக்குத் தெரியும். என் ஃப்ரெண்டோட 1999 மாருதி ஜென், பேட்டரி வயர் லூசாயி தகட்டுல உரசி ஷார்ட் ஆயி ஒரு மூலை மட்டும் எரிஞ்சுச்சு. ஒரு நிமிசத்துல அணைச்சுட்டான். தீ அந்த மூலைய விட்டு நகரல, ஃபயர்வால் சில்லுன்னு இருந்துச்சு, பெயிண்டு கூட பொக்களிக்கல. அவன் கொஞ்சமும் யோசிக்காம முழு வயரிங் கிட்டையும் புதுசா மாத்தினான், எரிஞ்ச வயர மட்டும் ஒட்டுப் போடல. இன்னிக்கும் அந்த ஜென் விரகனூர் ரிங் ரோட்டுல ஓடுது. அந்த வண்டிய யாராவது கண்டம் பண்ணச் சொல்லிருந்தா நானே சண்டைக்குப் போயிருப்பேன். பழைய வண்டில ஏர்பேக் கெடையாது, பத்து கம்ப்யூட்டர் கெடையாது, சாதா தகடு, அதனால தீ சின்னதா இருந்தா புது வண்டிய விட பழைய வண்டிய சரி பண்றது லேசு, இத எல்லாரும் மறந்துர்றாங்க.

சரி, பணத்துக்கு வருவோம். அண்ணன் போட்ட கணக்கு வயரிங் கிட்டு, கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பானட், டேஷ்போர்டு, பிரேக் வேல, டிங்கரிங், பெயிண்டிங், கூலி எல்லாம் சேத்து 62,000. கழட்ட கழட்ட இன்னும் வரும்னு அவரே சொன்னாரு. நல்லா ஓடுற நெலமைல அந்த வண்டிய வித்தா 40, 45க்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. இது போக இந்த வருசம் எஃப்சி வேற முடியுது. 15 வருசம் முடிஞ்ச கார அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ ரெனியூவல் பண்ணணும், 2022ல அதுக்கான ஃபீஸ 600லேர்ந்து 5,000 ஆக்குனாங்க, 2025 ஆகஸ்ட்டுல 20 வருசம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க, பசுமை வரி தனி. அதக் கட்டிட்டு வண்டியக் கொண்டு போயி நிறுத்தினா இன்ஸ்பெக்டர் மொதல்ல சேசிஸ் நம்பரத்தான் பாப்பாரு. படிக்க முடியலன்னா நாமளா பஞ்ச் வச்சு அடிக்கக் கூடாது, அது குத்தம், ஆர்டிஓ அனுமதி வாங்கி அவங்க சொல்ற மாதிரிதான் குத்தணும்.

இன்னொரு பட்டறைலயும் காமிச்சோம், சித்தப்பா மனசு கேக்கணுமேன்னு. அங்க 28,000க்கு முடிச்சுத் தர்றேன்னாங்க. எப்படின்னு கேட்டா, எரிஞ்ச வயர மட்டும் வெட்டி ஜாயிண்ட் போட்டு டேப் சுத்திருவாங்களாம், டேஷ்போர்டு பழசே இருக்கட்டுமாம், நம்பரு "பாத்துக்கலாம்"ங்கறாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. வெந்து போன வயர்ல வெளித்தோல் நல்லா இருக்கிற மாதிரி தெரியிற எடத்துலயும் உள்ள இறுகிப் போயிருக்கும், அதுல ஜாயிண்ட் போட்டா ஜாயிண்ட் இருக்கிற எடத்துல சூடு ஏறும், அடுத்த தீ டேஷ்போர்டுக்குப் பின்னாடியிலேர்ந்துதான் வரும், கால் மேல. எரிஞ்ச வண்டிய கம்மி ரேட்டுல சரி பண்றேன்னு சொல்றவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, வயரிங் கிட்டு முழுசா மாத்துறீங்களான்னு. இல்லன்னு சொன்னா வண்டிய எடுத்துக்கிட்டு வந்துருங்க.

இன்சூரன்ஸ் பத்தி நெறைய பேரு கேட்டாங்க. சித்தப்பா வண்டிக்கு இருந்தது தேர்ட் பார்ட்டி மட்டும், பழைய வண்டி வச்சிருக்கிறவங்க பெரும்பாலும் அதத்தான் போடுறாங்க, அதுல நம்ம வண்டி எரிஞ்சா ஒரு பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தா தீ அதுல அடங்கும். அப்ப இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் வண்டிய கழட்டாதீங்க, கழுவாதீங்க, ஃபயர் சர்வீஸ் ரிப்போர்ட்ட வாங்கி வச்சுக்குங்க. சரி பண்ற செலவு ஐடிவில (பாலிசில வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு) 75 சதவீதத்தத் தாண்டுச்சுன்னா டோட்டல் லாஸ்னு, அதாவது வண்டி முழுசாப் போச்சுன்னு, எடுத்துக்குவாங்க. அஞ்சு வருசம் தாண்டின வண்டிக்கு அந்த ஐடிவியே நீங்களும் கம்பெனியும் பேசி வைக்கிற தொகைதான், அதனால பிரீமியம் கொறையுதேன்னு ஐடிவிய அடிமட்டத்துக்கு எறக்கிட்டா சின்னத் தீயே டோட்டல் லாஸ் ஆயிரும். சரி பண்ணக் குடுத்தாலும் ரப்பர், பிளாஸ்டிக் சாமானுக்கு தேய்மானம்னு பாதி கழிச்சுட்டுத்தான் தருவாங்க, தீயில மொதல்ல போறதே அது ரெண்டும்தான்.

சித்தப்பாவ சம்மதிக்க வைக்கிறதுதான் கஷ்டமா இருந்துச்சு. அவரு காசக் கணக்குப் பாக்குற ஆளு, ஆனா இதுல கணக்கு பேசல. "ஏப்பா, இன்ஜின் நல்லாருக்குல்ல, இன்ஜின் நல்லாருக்குல்ல"ன்னு அதையே திரும்பத் திரும்பக் கேட்டாரு. வண்டி மேல பாசம் வைக்கிறத தப்புன்னு சொல்ற ஆளு நான் இல்ல. முப்பது வருசம் ஒரு சாமான தன் கையால தொடச்சு, பிளக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சு ஓட்டினவரு கேக்கத்தான் செய்வாரு. அதே வண்டிய ஷெட்டுல நிறுத்தி வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கணும்னு ஆசப்பட்டிருந்தா 62 என்ன, ஒரு லட்சம் கூட செலவழிங்கன்னு சொல்லிருப்பேன், அது அவரு காசு, அவரு சந்தோசம். ஆனா அவரு அதுல சித்திய ஏத்திக்கிட்டு உசிலம்பட்டி போகணும்னு நெனச்சாரு. அங்கதான் நான் விடல. கடசில சித்திதான் முடிச்சு வச்சாங்க. "நீங்க சரி பண்ணுங்க, நான் பஸ்ஸுல வர்றேன்"னு ஒரே வார்த்த, கோவமே இல்லாம. அதுக்கப்புறம் சித்தப்பா இன்ஜின் பேச்ச எடுக்கல.

கண்டம் பண்றதுன்னு முடிவானதும் அடுத்த நாளே பழைய இரும்புக் கடைக்காரங்க ரெண்டு பேரு வந்துட்டாங்க, எப்படித்தான் தெரியுமோ. வண்டி எட 650 கிலோ பக்கம் வரும், கிலோவுக்கு இவ்வளவுன்னு பேசுறாங்க. அதுல ஒருத்தரு ஆர்சி புக்கையும் சேத்துக் குடுத்தா எட்டாயிரம் ரூபா கூடப் போட்டுத் தர்றேன்னாரு. இத நல்லாக் கவனிங்க. எரிஞ்ச தகட்டுக்கு ஆர்சி எதுக்கு? திருட்டு வண்டிக்கு பழைய வண்டியோட நம்பர வெட்டி ஒட்டி ஓட்டுறதுக்குத்தான் அது தேவைப்படும். நாளைக்கு அந்த வண்டி எங்கயாவது ஆள அடிச்சாலோ கஞ்சா கடத்தினாலோ போலீஸ் சித்தப்பா வீட்டு வாசல்லதான் வந்து நிக்கும். காசு எவ்வளவு கூடக் குடுத்தாலும் ஆர்சியக் குடுக்காதீங்க, தயவுசெஞ்சு. மோட்டார் வாகனச் சட்டம் 55ஆவது பிரிவுப்படி வண்டி அழிஞ்சு போச்சு, இனி ஓடாதுன்னா 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தி ஆர்சிய ஒப்படைக்கணும். அது நம்மளக் காப்பாத்துற சட்டம்.

நாங்க பதிவு பெற்ற ஸ்க்ராப்பிங் சென்டர் வழியாவே போனோம். 2021ல வந்த ஸ்க்ராப்பிங் திட்டத்துல, வண்டிய அப்படி முறையா ஒப்படைச்சா டெபாசிட் சர்டிபிகேட்னு ஒண்ணு தருவாங்க. புது வண்டி எடுக்கும்போது அதக் காட்டினா பதிவுக் கட்டணம் கெடையாது, சொந்த வண்டிக்கு ரோடு டாக்ஸ்ல 25 சதவீதம் வரைக்கும் மாநில அரசு சலுக தரலாம்னும் திட்டத்துல இருக்கு. நம்ம ஆர்டிஓல இப்ப எவ்வளவு தர்றாங்கன்னு வண்டி புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. சென்டர்ல குடுத்த தொக பழைய இரும்புக் கடைக்காரரு சொன்னத விட கம்மிதான், மறைக்கல. ஆனா ஆர்சி ரத்து ஆகுற வேலைய அவங்களே எடுத்துச் செஞ்சாங்க, அந்த நிம்மதிக்கு அந்த வித்தியாசம் போகட்டும்.

அந்த சர்டிபிகேட்ட அடுத்தவங்க பேருக்கு மாத்தலாம்ங்கறது பல பேருக்குத் தெரியல. சித்தப்பா இனி கார் வேணாம்னுட்டாரு, அதனால அவரு பொண்ணு, என் தங்கச்சி, திருநகர்ல இருக்கா, அவ எடுக்கப் போற வண்டிக்கு அது போகுது. ஆவணிக்கு மேல புக் பண்ணலாம்னு இருக்கா. எந்த வண்டின்னு இன்னும் முடிவாகல, ஷோரூம் ஷோரூமா சித்தப்பாவும் கூடப் போயி பானட்டத் தொறந்து பெட்ரோல் லைன் எந்தப் பக்கமாப் போகுதுன்னு குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்காரு.